அல்லித் தொட்டித் தவளைங்களுக்கு என்ன இரை கொடுக்கலாம்?

வணக்கம் உறவுகளே. திருவாரூர் பக்கம் எங்க வீடு. கொல்லையில அல்லி வளர்க்கிற சிமெண்டுத் தொட்டியில, ஐப்பசி மழைக்குத் தானா வந்த தவளைங்க ஆறு இருக்கு. கிட்டப் போனா தண்ணி மேலயே தத்தித் தத்தி ஓடிடுது.

சோத்துப் பருக்கை போட்டேன், சீண்டவே இல்ல. அசையுற இரையைத்தான் பிடிக்கும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. நேத்து ஈர்க்குச்சி நுனியில மண்புழுவைத் தொங்கவிட்டு ஆட்டினேன். ஒண்ணு மட்டும் லபக்குனு கவ்விச்சு. முழுங்கும்போது ரெண்டு கண்ணும் உள்ள அமுங்கி அமுங்கி வெளிய வந்துச்சு. அவ்வளவு அழகு!

பிடிச்சு அடைக்கிற எண்ணம் இல்ல, தொடவும் மாட்டேன். பயமில்லாம பக்கத்துல வந்தா போதும்.

தினமும் புழு கொடுக்கலாமா? கோடையில புழு கிடைக்காதே, அப்ப என்ன செய்யலாம்? வயல்ல மருந்து அடிக்கிறாங்க, அங்க பிடிச்ச வெட்டுக்கிளி கொடுக்கப் பயமா இருக்கு. பழக்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.