பென்டிமென்ட்டோவுக்குத் தமிழ்: 'ஊடுரு'ன்னு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த மடல் இழையில ஆளுக்கொரு சொல் சொல்லி அது நீண்டுக்கிட்டே போகுது, அதனால எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலா போடறேன். அக்கா அனுப்பின அந்தச் சின்ன எண்ணெய் ஓவியத்துக்குத் தமிழ்ல குறிப்பு எழுதணும், அதுக்கு பென்டிமென்ட்டோங்கறதுக்கு ஒரு சொல் வேணும், அதாவது மேல தீட்டின வண்ணத்துக்கு உள்ளேர்ந்து ஓவியர் முதல்ல போட்டிருந்த உருவம் வெளிய தெரியுதே, அதுக்கு.

> 'கழிவிரக்கம்' வைக்கலாமே, இத்தாலிய மூலத்துக்கு அப்படியே பொருந்துது

ஐயா, மூலச்சொல்லுக்கு வருந்துறதுன்னுதான் பொருள், சரிதான். ஆனா இந்தப் படத்தையே பாருங்க. கீழ நீலத்துல ஒரு ஆள் குந்தியிருக்கார், மேல காவியில ஒரு மரம், அந்த ஆளோட தோள் இருக்கற இடத்துல காவியைக் கத்தியால மெல்லிசா சுரண்டி நீலத்தை மேல வரவிட்டிருக்காங்க, அதனால தோள் எங்க முடியுது கிளை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லவே முடியல, ஆள் மரமா மாறிக்கிட்டே இருக்கார். இத்தனையும் வேணும்னே செஞ்சது. இதுக்குப் பக்கத்துல கழிவிரக்கம்னு எழுதினா பார்க்கறவங்க படத்துல இல்லாத சோகத்தைத் தேடுவாங்க. 'திருத்தத் தடம்' வேண்டாம்னு நான் சொல்றதும் இதுக்குத்தான், திருத்தம்னாலே முதல்ல போட்டது தப்புன்னு ஆயிடும்.

நீங்க சொன்ன மத்த சொற்கள்ல 'மாற்றுத்தடம்' ரோட்டை மறிச்சு வேற பக்கம் திருப்பி விடறதுக்கு வழக்கத்துல இருக்கு. 'கைமாற்றம்' கடனுக்குப் போயிடும். ரெண்டும் வேண்டாம்.

'முற்சுவடு'தான் கொஞ்சம் யோசிக்க வைக்குது, காதுக்கும் நல்லா இருக்கு. ஆனா சுவடுங்கறது போனவன் விட்டுட்டுப் போனது, ஆள் போயாச்சு அடையாளம் மட்டும் மிச்சம்னு அர்த்தம் வரும். எண்ணெய் ஓவியத்துல கீழ இருக்கற உருவம் எங்கயும் போகல, முழுசா அங்கயேதான் இருக்கு, மேல இருக்கற அடுக்குதான் தன் மறைக்கற தன்மையை இழக்குது. இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கறேன், ஏன்னா சொல் இதுலேர்ந்துதான் வரணும்னு நினைக்கறேன். வண்ணப்பொடிக்கும் அதைச் சுத்தி இருக்கற எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் (ஒளி ஒரு பொருளுக்குள்ள நுழையறப்போ எவ்வளவு வளையுதுங்கற அளவு) எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவுக்கு ஒளி சிதறும், அடியில இருக்கறது மறையும். ஆளிவிதை எண்ணெய் புதுசா இருக்கறப்போ கிட்டத்தட்ட 1.48, ஈய வெள்ளைங்கற வண்ணப்பொடி 2 கிட்ட, அதனால நல்லாவே மறைக்கும். வருஷம் ஆக ஆக எண்ணெயோட எண் 1.57 பக்கம் ஏறிடுது, ஈயமும் எண்ணெயில இருக்கற கொழுப்பு அமிலமும் சேர்ந்து ஈய சோப்பா வேற மாறுது, ரெண்டும் சேர்ந்து அந்தப் பூச்சு கண்ணாடி மாதிரி ஆகி அடியில இருக்கற உருவம் ஊடால தெரிய ஆரம்பிக்குது. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்துல வெலாஸ்கெஸ்ங்கற ஓவியர் தீட்டின, ஸ்பெயின் அரசர் நான்காம் ஃபிலிப் குதிரை மேல இருக்கற படத்துல, குதிரையோட பின்னங்கால் முதல்ல இருந்த இடம் வெறும் கண்ணுக்கே தெரியும். பிக்காசோ 1903-04ல தீட்டின கிழ கிட்டார்காரர் படம் சிகாகோவுல இருக்கே, அதுல கிழவரோட கழுத்துப் பக்கம் ஒரு பெண்ணோட முகம் மங்கலா தெரியும்.

அதனால நான் முன்வைக்கறது ஊடுரு. ஊடு + உரு. ஊடுகதிர்ல (எக்ஸ்ரே) இருக்கற அதே ஊடு. ஊடுருவறதுங்கற வினையும் கூடவே ஒலிக்கறது எனக்குக் குறையா படல, அடியில இருக்கற உரு மேல் அடுக்கை ஊடுருவிக்கிட்டுத்தானே வருது. வயசானதால தெரிஞ்சாலும் சரி, அக்கா அனுப்பின படத்துல மாதிரி சுரண்டி வரவெச்சாலும் சரி, சொல் ரெண்டுக்கும் நிக்கும்.

> ஊடுகதிர்ல மட்டும் தெரியறதையும் பென்டிமென்ட்டோன்னுதானே சொல்றாங்க, அதை எப்படி ஊடுருன்னு சொல்வீங்க?

நல்ல கேள்வி தம்பி, எனக்கு இந்த இழையிலேயே முக்கியமா படறது இதுதான். மேல்நாட்டுல ஒரே சொல்லை வெச்சு ரெண்டையும் சமாளிக்கறாங்க, நாம ஏன் அப்படிச் செய்யணும்? கண்ணுக்குத் தெரியாம கீழ கிடக்கறது அடியுரு. அது மேல எழும்பித் தெரிஞ்சா ஊடுரு. பிக்காசோவோட 1901 நீல அறை படத்துக்கு அடியில கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட டை (bow tie) கட்டின ஒரு ஆள் இருக்கார்னு அகச்சிவப்புப் படம் எடுத்துக் கண்டுபிடிச்சாங்க, 2014ல வெளிய சொன்னாங்க, அவர் அடியுரு. சிகாகோ படத்துல இருக்கற பெண் ஊடுரு. இப்படிப் பிரிச்சா 'அடியுரு ஊடுருவா மாறுது'ன்னு ஒரே வாக்கியத்துல எழுதிடலாம், உருமாற்றத்தைப் பத்தின ஒரு படத்துக்கு இதைவிட என்ன வேணும்.

ஒண்ணு மட்டும் கறாரா இருக்கணும். வேற ஒருத்தர் பின்னாடி பூசி மறைச்சதை இதுல சேர்க்கவே கூடாது. ஜெர்மனியில டிரெஸ்டன்ல இருக்கற, டச்சு ஓவியர் வெர்மீரோட படம், ஜன்னல் பக்கத்துல ஒரு பெண் கடிதம் படிக்கறது, அதுல பின்னாடி சுவத்துல மன்மதன் படம் ஒண்ணு மறைஞ்சிருக்கறது 1979லயே ஊடுகதிர்ல தெரிஞ்சுது. ரொம்ப நாளா வெர்மீரே மறைச்சதா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் ஆராய்ச்சியில அது வெர்மீர் இறந்ததுக்கு அப்புறம் வேற யாரோ பூசினதுன்னு தெரிஞ்சு, பூச்சை எடுத்து 2021ல மன்மதனோட காட்சிக்கு வெச்சாங்க. இதை 'பிறர் பூச்சு'ன்னு வெளிப்படையா சொல்லிடலாம், தனியா சொல்லாக்கம் தேவையில்ல. அந்தப் பூச்சை எடுத்ததும் சரிதானான்னு முடிவு பண்றதே யாரோட கைங்கறதை வெச்சுத்தான், அதனால சொல்லுல குழப்பம் இருக்கக்கூடாது.

வண்ணம் போடறதுக்கு முன்னாடி போடற கோட்டு வரைவுக்கு 'அடிவரைவு'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க. அதுக்கு நெடுநல்வாடையிலயே 'புனையா ஓவியம்' இருக்கு, வண்ணம் தீட்டாத வெறுங்கோட்டு ஓவியம்னுதான் உரையும் சொல்லுது. இருக்கறதை விட்டுட்டு ஏன் புதுசா தேடணும்? கோடா இருந்தா புனையா ஓவியம், வண்ணத்தோட உருவா இருந்தா அடியுரு.

அக்கா, குறிப்புக்கு நான் எழுதிப் பார்த்த வரி இது: "நீல அடியுரு காவிப் பூச்சின் ஊடே எழுந்து தோளாகவும் கிளையாகவும் நிற்கிறது, ஊடுரு தெரியும் இடங்களில் பூச்சு கத்தியால் மெலிதாக்கப்பட்டுள்ளது." எழுத்து நடைக்கு ஏத்த மாதிரி நீங்க திருத்திக்கங்க.

பன்மைக்கு ஊடுருக்கள்னு போட்டிருக்கேன். வேற்றுமை உருபு சேர்றப்போதான் இடிக்குது, 'ஊடுருவில்'னு வந்தா படிக்கறவங்க வினைன்னு நினைச்சுத் தடுக்குவாங்களோன்னு ஒரு யோசனை. இலக்கணம் தெரிஞ்சவங்க இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.