‘போயிருக்கிறார்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஏலக்காய்க்கடை (குமுளி):

அனைவருக்கும் வணக்கம். கூடலூரிலிருந்து தினமும் லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளியில் ஒரு வாசனைப் பொருள் கடையில் வேலை பார்த்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். தேக்கடிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளிடம் விலை, எடை, ரகம் சொல்லி விற்கும் அளவுக்கு ஆங்கிலம் வரும். அதைத் தாண்டி இரண்டு வாக்கியம் பேசினால் காலங்கள் குழம்பிவிடுகின்றன. இணையத்தில் எழுதிய தேர்வொன்று என் நிலையை ‘பிரீ இன்டர்மீடியட்’ என்று காட்டியது.

சென்ற வாரம் ஓர் அம்மையார் முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் கம்பம் போயிருக்கிறார் என்று சொல்ல நினைத்து, ‘ஹி ஹேஸ் பீன் டு கம்பம்’ என்றேன். அவரும் தலையசைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, கடைசியில் முகம் சுளித்து எழுந்து போனார். என் வாக்கியத்தில் என்ன பிழை? சொல்வளத்தைப் பெருக்கவும் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். முப்பது நாளில் ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்கள் இரண்டு ஏற்கெனவே வாங்கியாயிற்று.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (செங்கோட்டை):

தம்பி, உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் மாறிவிட்டது. ‘டெல்லிக்கு இரண்டு முறை போயிருக்கிறார்’ என்றால் போய்த் திரும்பிய அனுபவம். ‘கம்பம் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார்’ என்றால் ஆள் இன்னும் வரவில்லை. தமிழுக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலம் முதலாவதற்கு ‘பீன்’ என்றும் இரண்டாவதற்கு ‘கான்’ என்றும் பிரித்துக்கொள்கிறது. நீங்கள் சொன்னதைக் கேட்ட அம்மையார், கம்பம் போய்த் திரும்பிய முதலாளி கடைக்குள் எங்கோ இருக்கிறார் என்றெண்ணிக் காத்திருக்கிறார். வாக்கியத்தோடு ‘இன்னும் வரவில்லை’ என்பதை மனத்துக்குள் சேர்த்துப் பாருங்கள்; பொருந்தினால் ‘கான்’, ‘இதற்கு முன்’ பொருந்தினால் ‘பீன்’.

நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முப்பது பேராவது செய்யும் பிழைகள் இன்னும் இரண்டு உண்டு. ‘ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்’ என்பதில் நமக்கு வினை நிகழ்காலம் என்பதால், ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. எவ்வளவு காலம் என்பதற்கு ‘ஃபார்’. எப்போதிலிருந்து என்பதற்கு ‘சின்ஸ்’. அடுத்தது, ‘நேற்று வந்திருந்தேன்’ என்பதை அப்படியே ‘ஐ ஹேட் கம் எஸ்டர்டே’ ஆக்குவது. அங்கே ‘ஐ கேம்’ போதும். நீங்கள் நிறுத்தத்துக்கு வருவதற்கு முன்பே பேருந்து போய்விட்டது என்பதுபோல, கடந்துபோன ஒன்றுக்கும் முந்தியதைச் சொல்லும்போது ‘ஹேட்’ தேவைப்படும்.

பாலக்காட்டு வாசகி (கொழிஞ்சாம்பாறை):

சொல்வளம் பற்றி மட்டும் சொல்கிறேன். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் அடிக்கடி புழங்கும் ஆங்கிலச் சொற்கள் சுமார் 2000 அடங்கிய பட்டியல் ஒன்றை வெளியிட்டார். உங்கள் நிலைக்கு அந்த அளவுச் சொற்கள் கைவந்தால் போதும். ஆனால் தனிச்சொற்களாக மனப்பாடம் செய்யாதீர்கள், எந்தச் சொல்லோடு எது சேரும் என்று பாருங்கள். பலத்த காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’ என்பதால் பலத்த மழையும் ‘ஸ்ட்ராங் ரெயின்’ ஆகிவிடாது. அது ‘ஹெவி ரெயின்’, அதாவது நம் கனமழையேதான். ‘ஸ்ட்ராங் டீ’யை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களிடமும் எச்சரிக்கை தேவை. தங்குவதற்கு ‘ஹோட்டல்’ கேட்பவரைப் பரோட்டாக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். கடையில் நாம் ‘கவர்’ என்று கொடுப்பது அவர்களுக்கு ‘பேக்’. ‘கேள்’ என்ற நம் ஒரே வினைக்கு ‘ஆஸ்க்’, ‘ஹியர்’, ‘லிசன்’ என்று மூன்று இருக்கின்றன.

எல்லைத்தமிழன் (சித்தூர்):

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒரு சிறு மாறுபாடு. கல்லாவில் நின்றுகொண்டு தமிழை நினைத்து ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது. அன்றாடம் தேவைப்படும் பத்து வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே பயன் தரும். எனினும் ‘எ’, ‘தி’ விஷயத்தில் தமிழே எனக்கு உதவியது. ‘பெட்டி வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு பெட்டி, ‘பெட்டியை வாங்கினேன்’ என்றால் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த பெட்டி. அந்த ‘ஐ’ வரும் இடத்தில் ‘தி’ போட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது, பல இடங்களில் பொருந்தும்.

ஏலக்காய்க்கடை (குமுளி):

அனைவருக்கும் நன்றி. இன்று முதலாளி போடி ஏலத்துக்குப் போயிருந்தார். ‘ஹி ஹேஸ் கான் டு போடி, ஹி வில் பி பேக் அட் ஃபோர்’ என்றேன். வந்தவர் நான்கு மணிக்குச் சரியாகத் திரும்பி வந்து அரைக் கிலோ ஏலக்காய் வாங்கினார். எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டபோது மட்டும் அவசரத்தில் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று வாயில் வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (செங்கோட்டை):

‘ஃபார்’, தம்பி.