புதுப்பிப்பு: மொரீஷியஸ் ஹோட்டலுக்கு எம்பிஆர், கணக்குப் போட்டாயிற்று

ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் பக்கம் ஒரு ஹோட்டல், நாளுக்கு 200 கனமீட்டர் கழிவுநீர். மெம்பிரேன் பயோரியாக்டர் (எம்பிஆர்: நுண்ணுயிர்கள் கழிவைத் தின்ன, மெம்பிரேன் என்னும் நுண்துளைச் சவ்வு தண்ணீரை வடிகட்டும் அமைப்பு) கட்டுப்படியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆகும் போலத்தான் தெரிகிறது.

செலவில் பெரிய மிச்சம் சமன்தொட்டியில், அதாவது வரும் நீரைத் தேக்கி ஒரே சீராக விடும் தொட்டியில். 200 கனமீட்டர் என்றால் சராசரி மணிக்கு சுமார் 8,300 லிட்டர். காலையில் எல்லா அறையிலும் ஷவர் திறந்தால் அது இரட்டிப்பாகும். சதுர மீட்டருக்கு மணிக்கு 20 லிட்டர் வடியும் என்று வைத்தால், உச்ச ஓட்டத்துக்கு 830 சதுர மீட்டர் மெம்பிரேன் வேண்டும். அந்த உச்ச ஓட்டத்தைத் தேக்கி ஒரே சீராக விட்டால் பாதி போதும். பின்கழுவல் (மெம்பிரேனுக்குள் தண்ணீரைத் திருப்பி விட்டுச் சுத்தம் செய்வது) நேரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கான்கிரீட் தொட்டி மெம்பிரேனைவிட மலிவு, அதைப் போல மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

அப்புறம் சல்லடை. துளை 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டவே வேண்டாம். தலைமுடி உள்ளே போனால் மெம்பிரேன் இழைகளைச் சுற்றிச் சடை பின்னிவிடும். கையால்தான் பிரிக்க வேண்டும். சமையலறை எண்ணெயைப் பிடித்து நிறுத்தத் தனித் தொட்டி.

வழக்கமான சுத்திகரிப்பில் கசடைப் படியவிடும் இரண்டாம்நிலைப் படிவுத்தொட்டி இதில் தேவையில்லை, இடம் மிச்சம். ஆனால் மெம்பிரேனைச் சுத்தமாக வைக்கும் காற்றுக்குமிழிக்கு புளோவர் (காற்றூதி) ஓடிக்கொண்டே இருக்கும், மின்கட்டணம் அங்கேதான் ஏறும்.

விலைப்புள்ளி கேட்பவர்கள் மெம்பிரேன் மாற்றும் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். நமக்கு வந்த ஒன்றில் அந்த வரியே இல்லை.