வடக்கு ஜன்னல் ஹாலுக்கு ஐவரியா, லைட் கிரேயா?

கவிதா, கோவை:
எங்கள் ஹாலுக்கு வடக்கே ஒரே ஜன்னல். தரை பழைய ரெட் ஆக்சைடு. அத்தை வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். அதில் கை வைக்க மாட்டோம். கணவருக்கு லைட் கிரே வேண்டும், அத்தைக்கு ஐவரி. கடையில் கேட்டால் எல்ஆர்வி கிரேக்கு 62, ஐவரிக்கு 80 என்கிறார்கள். பட்டி வேலை முடியப்போகிறது. எதை அடிக்கலாம்?

பெயின்ட் கான்ட்ராக்டர்:
சுவரில் படும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் எல்ஆர்வி. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. ஒற்றை ஜன்னல் ஹாலில் 62க்கும் 80க்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் வானத்து வெளிச்சம்தான் வரும், நீலம் தூக்கலாக இருக்கும். நீலச் சாயல் கிரே அங்கே வெறும் சிமென்ட் பூச்சாகத் தெரியும். கிரேதான் என்றால் பழுப்புச் சாயல் உள்ளதாகப் பாருங்கள் மேடம். ஷேடு கார்டை வெள்ளை ஏ4 தாள் மேல் வைத்தால் சாயல் பிடிபடும்.

தேனிக்காரி:
அக்கா, எங்களுக்கும் ரெட் ஆக்சைடு தரைதான், சுவர் ஐவரி. வெயில் உள்ளே விழும் நேரம் சுவரின் கீழ்ப்பாதியில் ரோஸ் ஏறிவிடும். எனக்குப் பிடிக்கும், எங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. அப்புறம், ராத்திரி எந்த லைட் என்பதையும் யோசியுங்கள். 6500 கெல்வின் வெள்ளை டியூபில் பார்த்த ஐவரி, 3000 கெல்வின் பல்பில் நல்ல மஞ்சளாகிவிடும்.

கவிதா, கோவை:
இரண்டிலும் சாம்பிள் வாங்கி, பெரிய சார்ட் அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் தரையை ஒட்டிச் சாய்த்து வைத்தேன். மதியம் கிரே அட்டை நீலம் பாரித்துக் கிடந்தது, தரைச் சிவப்போடு ஒட்டவே இல்லை. ஐவரியின் அடியில் லேசான ரோஸ், ஆனால் ஜன்னலுக்கு எதிர்மூலை வரை வெளிச்சம் எட்டியது. கணவரே பார்த்துவிட்டு ஐவரிக்குச் சரி சொல்லிவிட்டார். டியூப் லைட்டையும் மாற்றப்போவதில்லை. மேட் போதுமா அண்ணா, ஷீன் வேண்டுமா?

பெயின்ட் கான்ட்ராக்டர்:
மேட் அடியுங்கள். ஷீன் போட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் பட்டியின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். மீதியில் அரை லிட்டரை இறுக மூடி, ஷேடு நம்பரை மூடியில் எழுதி வையுங்கள், டச்சப்புக்கு உதவும்.