கூண்டுச் சண்டையை அரங்கில் நேரில் பார்த்தவர்கள் வாருங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

காலாங்கரை

எம்எம்ஏ என்னும் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டையைத் திரையில் பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அரங்குக்கே போய்ப் பார்த்தவர்கள் எழுதினால் இனிமேல் டிக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்குப் பக்கத்து அரங்கு காலாங்கில் உள்ள சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே வடிவமைத்தது. 1989இல் திறந்தார்கள், சுமார் 12,000 பேர் உட்காரலாம். ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ நிறுவனம் தன் முதல் போட்டியை 2011 செப்டம்பரில் இங்கேதான் நடத்தியது.

நான் சொல்ல வந்தது 2017 மே 26 இரவைப் பற்றி. கோலாலம்பூர்த் தமிழ்ப் பையன் அகிலன் தணி வெல்டர்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரெனுடன் மோதினார். ஆஸ்க்ரென் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் செய்தவர். அகிலனுக்கு அப்போதுதான் இருபது கடந்திருந்தது, அதுவரை தோல்வியும் இல்லை. எனக்குப் பின் வரிசையில் கோலாலம்பூரிலிருந்து பேருந்து பிடித்து வந்த ஒரு கூட்டம். "விடாதே அகிலா, எழுந்திரு!" என்று தமிழில் கத்துகிறார்கள். உலகப் பட்டச் சண்டை நடக்கும் அரங்கில் நம் மொழியில் அப்படி ஒரு கூச்சலைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆஸ்க்ரென் காலைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டபோது பலகைகள் அதிர்ந்த சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் வந்தது. ஒலிபரப்பில் அந்தச் சத்தம் இப்படிக் கேட்காது. முதல் சுற்றிலேயே கையையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கும் பிடி விழுந்தது, முடிந்தது. ஆனால் பிடி இறுகிய அந்த நொடியை நான் அண்ணாந்து பெரிய திரையில்தான் பார்த்தேன். தரையில் போட்ட நாற்காலிகளில் இதுதான் சிக்கல். கூண்டின் கம்பம் கண்ணுக்கு நேராக நிற்கும், வெளித்திட்டில் கேமராக்காரர்கள் நடமாடுவார்கள். சண்டை தரைக்குப் போனால் பாதி மறைந்துவிடும். அதிக விலை கொடுத்தால் நன்றாகத் தெரியும் என்று யாரும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு மாடத்தின் முதல் சில வரிசைகள்தான் என் தேர்வு.

பிடோக் வாசகி

அண்ணே, அதே அரங்கில் 2022 ஜூனில், அமெரிக்க எம்எம்ஏ நிறுவனமான யுஎஃப்சி நடத்திய யுஎஃப்சி 275க்கு நான் போயிருந்தேன். அமெரிக்காவில் சனி இரவு ஒளிபரப்பாக வேண்டும் என்பதால் நமக்கு ஞாயிறு காலை. விடியற்காலையில் எழுந்து, ஸ்டேடியம் எம்ஆர்டியில் இறங்கி, கோப்பி ஒன்று குடித்துவிட்டு உள்ளே போனால் விளக்கையெல்லாம் அணைத்து நள்ளிரவு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். முக்கியச் சண்டைகள் தொடங்கியது காலை 10 மணிக்கு.

ஜாங் வெய்லி சுழன்று புறங்கையால் அடித்த அடியில் யோவானா யென்ஜெய்சிக் அப்படியே முகங்குப்புற விழுந்தார். ஒரு நொடி அரங்கமே மூச்சை இழுத்துக்கொண்டது, அப்புறம்தான் கூச்சல். யோவானா கையுறையைக் கழற்றிக் கூண்டுக்குள் வைத்து, இதோடு போதும் என்று அறிவித்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண்களின் சண்டையை இடைவேளை மாதிரி நினைத்த காலம் போயே போய்விட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது.

கடைசிச் சண்டையில் 42 வயது குளோவர் டெய்ஷெய்ரா ஐந்தாம் சுற்றில் அரை நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில் பிரோஹாஸ்காவின் கழுத்து நெரிக்கும் பிடியில் சிக்கிப் பட்டத்தை இழந்தார். வெளியே வந்தால் கொளுத்தும் மதிய வெயில்.

ஒரு சின்ன விஷயம்: உள்ளே ஏசி கடுமையாக இருக்கும், ஜாக்கெட் எடுத்துப் போங்கள்.

தோக்கியோவிலிருந்து

சைதாமா சூப்பர் அரீனா பற்றி யாரும் எழுதவில்லையே என்று நானே எழுதுகிறேன். 2000இல் திறந்த அரங்கு. சுமார் 9,000 இருக்கைகள் கொண்ட ஒரு பகுதி மொத்தமாக 70 மீட்டர் நகரும். நிகழ்ச்சிக்குத் தக்கபடி அரங்கைச் சுருக்கலாம், விரிக்கலாம். பிரைடு என்ற பழைய ஜப்பானிய எம்எம்ஏ போட்டிகளின் பெரிய இரவுகள் பலவும் இங்கேதான் நடந்தன. 2015 முதல் ஆண்டின் கடைசி நாளில் ரிஸின் என்ற ஜப்பானிய எம்எம்ஏ போட்டி இங்கே நடக்கிறது. 2018 டிசம்பர் 31 அன்று அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மேவெதரிடம் ஜப்பானிய கிக்பாக்ஸர் தென்ஷின் நாசுகாவா முதல் சுற்றிலேயே மூன்று முறை விழுந்ததும் இதே இடத்தில்தான், அது குத்துச்சண்டை விதிப்படி நடந்த காட்சிப் போட்டி.

இங்கே கூண்டு கிடையாது, கயிறு கட்டிய ரிங். அதனால் கம்பி வலை பார்வையைக் கெடுக்காது. ஆனால் இருவர் கட்டிப் புரண்டபடியே கயிற்றுக்கு வெளியே சரிய ஆரம்பித்தால் நடுவர் நிறுத்தி, அதே பிடியோடு நடுவில் கொண்டு வந்து மறுபடி தொடங்கச் சொல்வார். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். விதிகளும் கடுமையானவை, விழுந்தவர் தலையில் உதைக்கலாம். எனக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை, சொல்லிவிடுகிறேன்.

நான் போனதே கூட்டத்துக்காக. ஜப்பானிய ரசிகர்கள் சும்மா கத்துவதில்லை. ஒருவர், கீழே கிடப்பவர் கால்களால் போடும் காவலைத் தாண்டிக் காலை உருவி மேலான நிலைக்கு வந்தால், அந்தச் சின்ன அசைவுக்கு ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் "ஓ..." என்பார்கள். மற்ற நேரம் பயிற்சியாளர் மூலையிலிருந்து சொல்வதுகூடக் காதில் விழும். சண்டை தரைக்குப் போனதும் எழுந்து தின்பண்டம் வாங்கப் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு கலையை அதை அறிந்தவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் நிறைவு சைதாமாவில்தான் கிடைத்தது.

புதியவன்

அமெரிக்காவில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? லாஸ் வேகாஸ்தான் நல்லது என்கிறார்களே?

நியூஜெர்சி தமிழன்

தம்பி, வேகாஸில் டி-மொபைல் அரீனா 2016இல் வந்தது, சுமார் 20,000 பேர் கொள்ளும், வசதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் ஓட்டு மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு. நியூயார்க் மாநிலம் 1997 முதல் தொழில்முறை எம்எம்ஏவைத் தடை செய்து வைத்திருந்தது. நியூயார்க் ரசிகர்கள் ஆற்றைக் கடந்து எங்கள் நியூவார்க்குக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 2016இல் தடை நீங்கி, அந்த நவம்பர் 12 அன்று யுஎஃப்சி 205 நடந்தது. பென் ஸ்டேஷனுக்கு மேலேயே அரங்கு, ரயிலை விட்டிறங்கிப் படியேறினால் வாசல். நான் ஏறும்போதே படிக்கட்டு முழுக்க அயர்லாந்துக் கொடிகள், பாட்டு. அயர்லாந்து வீரர் மெக்ரெகர் இரண்டாம் சுற்றில் எட்டி ஆல்வரெஸை வீழ்த்தி, ஒரே நேரத்தில் இரண்டு யுஎஃப்சி பட்டங்களை வைத்திருந்த முதல் ஆளானார். கூட்டம் அன்றைக்கு 20,000ஐத் தாண்டியது. ஆனால் எனக்கு அடுத்த இருக்கைப் பெரியவர் முதல் சண்டை தொடங்குமுன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொந்த ஊரில் பார்க்க அத்தனை வருடம் காத்திருந்தவர். வேகாஸில் பாதிப் பேர் உல்லாசப் பயணிகள், அங்கே இது கிடைக்காது.

டிக்கெட் விலை மட்டும் கண்ணைக் கட்டும், தயாராக இருங்கள்.

காலாங்கரை

விலை அதிகம் என்று தயங்குகிறவர்கள் பாங்காக் லும்பினியை யோசிக்கலாம். ராம் இந்த்ரா சாலையில் உள்ள புது அரங்கு. 2023 ஜனவரியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒன் போட்டிகள் நடக்கின்றன. பெரும்பாலும் முய் தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டை, நடுவில் எம்எம்ஏவும் உண்டு. சின்ன அரங்கு, கணைக்கால் எலும்பு தொடையில் படும் சத்தம் எந்த இருக்கையிலும் கேட்கும். போய் வந்தவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தரைச்சண்டை நன்றாகத் தெரிகிறது என்று எழுதுங்கள்.