‘அகக்கஞ்சாப்போலி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கஞ்சாப் பொருள் பொருந்தும் இடங்களிலேயே பொருந்துவதும் உடலே உருவாக்குவதுமான மூலக்கூறே எண்டோகன்னபினாய்டு. அதற்கு முன்மொழியப்பட்டுள்ள ‘அகக்கஞ்சாப்போலி’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. ஆல்கலாய்டைக் காரப்போலி என்று, ‘ஆய்டு’ என்னும் ஈற்றைப் ‘போலி’ ஆக்கி வழங்குவதை ஒட்டி இது ஆக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உடலில் உருவாகும் இவ்வகை மூலக்கூறான ஆனந்தமைடு, அரக்கிடோனிக் அமிலத்தின் வழிவந்த கொழுப்புப் பொருள். கஞ்சாச் செடியிலுள்ள டெட்ராஹைட்ரோகன்னபினாலோடு வேதியமைப்பில் அதற்கு ஒற்றுமை மிகக் குறைவு. இரண்டும் ஒரே ஏற்பியில், அதாவது செய்தி மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் அணுப் புரதத்தில், சென்று பொருந்துகின்றன, அவ்வளவே. அந்த ஏற்பி உடலுக்கு உரியது. செடிப்பொருள்தான் வெளியிலிருந்து வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது. உடலின் சொந்தப் பொருளைப் போலி என்றால் மூலமும் நகலும் இடம் மாறிவிடும்.

செயலை வைத்துப் பெயரிடலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். இரு நரம்பணுக்கள் சந்திக்கும் நரம்பிணைப்பில், செய்தியைப் பெறும் நரம்பணு மிகையாகத் தூண்டப்பட்டு அதனுள் கால்சியம் உயரும்போது, அதன் சவ்வுக் கொழுப்பிலிருந்தே 2-ஏஜி என்னும் மற்றொரு எண்டோகன்னபினாய்டு அந்நேரத்தில் உருவாகிறது. நரம்பணுக்களிடையே செய்தி சுமக்கும் பிற நரம்புக்கடத்திகள் பலவற்றைப் போல் நுண்பைகளில் முன்கூட்டிச் சேமிக்கப்படுவதில்லை. செய்தி வந்த திசைக்கு எதிராக அது சென்று, அனுப்பும் நரம்பணுவின் முனையிலுள்ள சிபி1 என்னும் கன்னபினாய்டு ஏற்பியில் இணைந்து, கால்சியம் நுழைவைக் கட்டுப்படுத்தி, நரம்புக்கடத்தி வெளியீட்டைக் குறைக்கிறது. பின்னர் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன.

இச்செயலுக்குப் ‘பின்னோக்கு மட்டுறுத்தல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘தணிப்பு’ எளிய சொல்தான். ஆயினும் இங்கே வழிதவறச் செய்யும். குறைக்கப்படும் கடத்தி, நரம்பணுவை அடக்கும் காபாவாக இருந்தால், அடக்கும் செய்தி குறைவதால் பெறும் நரம்பணுவின் கிளர்ச்சி கூடவே செய்யும். மட்டுறுத்தல் இரு நிலைக்கும் பொருந்தும்.

இருப்பினும் மூலக்கூறுகளுக்கு இப்பெயரைச் சூட்ட முடியாது. மற்றொரு வகையான சிபி2 ஏற்பிகள் பெரும்பாலும் நோயெதிர்ப்பு அணுக்களில் உள்ளன, அங்கே நரம்பிணைப்புக்கே இடமில்லை. ஆகவே மூலக்கூறை ‘அகக்கன்னபினாய்டு’ என்றும், ஏற்பிகளும் மூலக்கூறுகளும் நொதிகளும் சேர்ந்த முழுமையை ‘அகக்கன்னபினாய்டுத் தொகுதி’ என்றும் வழங்கலாம். நரம்பு மண்டலம் என்பதுபோல், தனி உறுப்புகள் இல்லாத ஒன்றுக்கு ‘மண்டலம்’ என்னும் சொல் தேவையில்லை.

ஆனந்தமைடு மட்டும் சொல்லாக்கமே வேண்டாதது. 1992இல் கண்டறிந்தவர்கள் ஆனந்தம் என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்குப் பெயரிட்டார்கள். ‘அனண்டமைடு’ என்று ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி எழுதுவதை நாம் கைவிட வேண்டும்.