மாங்காய் வாங்குபவர் 'ரிங்கிள்' என்கிறார். என்ன பொருள்? அவசரம்

போச்சம்பள்ளி தோட்டம்:
வணக்கம். எங்கள் பெங்களூரா மாங்காயைப் பற்றி வாங்குபவர் ஆங்கிலத்தில் அனுப்பிய மெயிலில் 'ரிங்கிள்' இருக்கிறதென்று எழுதியிருக்கிறார். அகராதியில் சுருக்கம் என்று போட்டிருக்கிறது. காய் வழவழவென்று இருக்கிறதே! மாலைக்குள் பதில் போட வேண்டும்.

காவேரிப்பட்டணம்:
முற்றாமல் பறித்தீர்களா? அப்படிப் பறித்த காய் பழுக்கும்போது தோல் சுருங்கும். பறித்து எத்தனை நாள்?

போச்சம்பள்ளி தோட்டம்:
நேற்றுதான் அண்ணா. தோள் புடைத்த, முற்றிய காய்.

அரூர்:
வெயிலில் வைத்திருந்தாலும் ஈரம் போய்ச் சுருங்கும். படம் போடுங்கள்.

ஓசூர் வாத்தியார்:
முழு வரியைப் போடாமல் ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் கேட்காதீர்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன்! அந்தச் சொல்லுக்குத் தோல் சுருக்கம், துணிக் கசங்கல் தவிர, சிறு சிக்கல் என்றும் பொருள் உண்டு. துணியை இஸ்திரி போட்டுக் கசங்கல் எடுப்பதுபோலக் காரியத்தில் வந்த தடங்கலை நீக்குவதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் சொல்வார்கள். 'நியூ ரிங்கிள்' என்றால் புது உத்தி.

அரூர்:
எப்படி சார் ஒரே சொல்லுக்கு இத்தனை?

ஓசூர் வாத்தியார்:
பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு வளைந்து நெளிந்தது என்று பொருள். முன்னால் இருக்கும் டபிள்யூவை அப்போது உச்சரித்தார்கள், இப்போது எழுத்தில் மட்டும் நிற்கிறது. துணியை முறுக்கிப் பிழியும் 'ரிங்', திருகும் 'ரெஞ்ச்', திரும்பும் மணிக்கட்டான 'ரிஸ்ட்' எல்லாவற்றிலும் அதே டபிள்யூ, அதே முறுக்கு.

பாலக்கோடு:
அப்படியென்றால் எழுதுகிற 'ரைட்'டும் அந்தக் குடும்பம்தான். எழுத்தே வளைவுதானே?

ஓசூர் வாத்தியார்:
இல்லை. அதன் பழம்பொருள் கீறுதல். எழுத்து ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்றாகிவிடாது.

பாலக்கோடு:
சரி சார். ஆனால் தோலுக்குச் சுருக்கம் என்று சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை. 'நரை திரை மூப்பு' என்கிறோமே, அந்தத் 'திரை' எங்கே போனது? கடல் அலையும் திரை, முகத்தில் விழும் கோடும் திரை. எவ்வளவு அழகு!

அரூர்:
சந்தையில் போய் 'மாம்பழத்தில் திரை' என்று சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கும் புரியாது. சுருக்கம்தான் வாழும் சொல். என் பாட்டி இடுப்பில் செருகியிருந்ததும் சுருக்குப் பைதான்.

பாலக்கோடு:
புரியாது என்று விட்டுவிட்டால் சொல் செத்துப் போகும். முகத்துக்காவது திரை என்று சொல்லலாமே?

காவேரிப்பட்டணம்:
தம்பிக்கு மாலைக்குள் பதில் வேண்டும். முழு வரி எங்கே?

போச்சம்பள்ளி தோட்டம்:
மன்னிக்கவும், தோட்டத்தில் இருந்தேன். 'காய் நன்று, ஒரே ஒரு ரிங்கிள், லாரி ஒரு நாள் தாமதம்' என்பதுதான் விஷயம். சிக்கல் என்ற பொருள் சரியாகப் பொருந்துகிறது. பதில் போட்டுவிட்டேன். நன்றி சார்.